வீடும் வகுப்பறையும்

மனிதர் ஒருவரே ஆயினும் அவர் ஏற்று நடத்தும் நிலைகள் பல. காலையில் தாயாகச் சமைத்தவர், பேருந்தில் பயணியாக நின்று, வகுப்பில் ஆசிரியராகப் பேசி, மாலையில் மருமகளாக வீடு திரும்புகிறார். இந்நிலைகள் ஒன்றுக்கொன்று துணை நிற்கும் நாள்களும் உண்டு. ஒன்றையொன்று நெருக்கும் நாள்களும் உண்டு. அந்த நெருக்கடியைப் பற்றியே இங்கு எழுத விழைகின்றோம். துறை மலருக்குக் கட்டுரை கேட்ட துறைத்தலைவர், வழக்கம்போல் சங்க இலக்கியத்தில் ஒரு தலைப்பையே எதிர்பார்த்திருப்பார். சங்க இலக்கியமும் இதில் வரும். சற்றுச் சுற்றுவழியில் வரும்.

பணிக்கும் குடும்பத்திற்கும் இடையே எழும் முரணை 1985ஆம் ஆண்டில் கிரீன்ஹாஸ், பூட்டெல் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் மூவகையாகப் பிரித்துக் காட்டினர். ஒன்றில் செலவழிந்த நேரம் மற்றொன்றுக்குக் கிட்டாமற்போவது முதல் வகை. ஓரிடத்தில் உண்டான களைப்பும் மன இறுக்கமும் மற்றோரிடத்திற்கும் கூடவே வந்துவிடுவது இரண்டாம் வகை. ஓரிடத்திற்குப் பொருந்திய நடத்தை இன்னோரிடத்திற்குப் பொருந்தாமற்போவது மூன்றாம் வகை. முதலிரண்டையும் விளக்க வேண்டியதில்லை; வேலைக்குச் செல்லும் எவரும் அறிவர். மூன்றாவது சற்று நுட்பமானது. அறுபது பேர் அமர்ந்துள்ள பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் கடைசி வரிசைக்கும் கேட்கும் குரல் வேண்டும். சொன்னதையே இருமுறை சொல்ல வேண்டும். இடையிடையே 'புரிந்ததா?' என்று கேட்க வேண்டும. ஆண்டுக்கணக்கில் இவ்வாறு பேசிப் பழகிய தொண்டை, வாசலில் செருப்பைக் கழற்றும்போது கூடவே கழன்றுவிடுவதில்லை. 'அம்மா, இங்க நான் ஒருத்திதான் இருக்கேன்' என்று எங்கள் மகள் ஒருநாள் மெல்லச் சொன்னாள். ஆய்வாளர் பல பக்கங்களில் எழுதியதை அவள் ஒரே தொடரில் முடித்துவிட்டாள்.

நாம் ஆய்வியல் நிறைஞர் பட்டம் பெற்றது 2003இல், திருமணமும் அவ்வாண்டே. 2006இல் கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் விரிவுரையாளர் பணி கிட்டியபோது மகளுக்கு வயது ஒன்று. கணவர் வளைகுடா நாட்டில் இருந்தார். எங்கள் தெருவில் ஆண்கள் கடல் கடந்து செல்வது புதிதன்று. பாட்டன்மார் காலத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் சென்றனர். பின்னர் வந்தோர் வளைகுடாவுக்குச் சென்றனர். அவர்கள் இல்லாத ஆண்டுகளில் வீட்டையும் நிலத்தையும் பிள்ளைகளையும் பெண்களே நடத்தினர். அதை வேலை என்று எவரும் சொன்னதில்லை. ஆனால் ஒரு பெண் நாள்தோறும் காலையில் கைப்பையுடன் பேருந்து நிறுத்தத்தில் நிற்பது என்பது வேறு. உறவில் சிலர் முகம் சுளித்தனர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவரான எங்கள் மாமியார்தாம் அதற்கு விடை கூறினார்: 'நீ போ புள்ள. பச்சப் பிள்ளைய நான் பாத்துக்கிறேன். படிச்சத வீணாக்காத.' பன்னிரண்டு ஆண்டுகள் அவர் அச்சொல்லைக் காத்தார். அக்காலத்தில் நம்மைப் பார்த்து 'வீட்டையும் வேலையையும் எப்படித்தான் சமாளிக்கிறீர்களோ' என்று வியந்தோர் பலர். நாம் சமாளிக்கவில்லை, இரண்டில் ஒன்றை மற்றொருவர் தம் தோளில் ஏற்றியிருந்தார்.

இவ்விடத்தில்தான் சங்க இலக்கியம் வருகிறது. குறுந்தொகையின் 167ஆம் பாடலை, கூடலூர் கிழார் பாடியதை, தமிழ் பயின்றோர் மறந்திருக்கமாட்டார்கள். புதிதாக மணமானவள் தன் கையாலேயே தயிரைப் பிசைகிறாள். கையைக் கட்டியிருக்கும் உடையிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிக்கும் புகை கண்ணில் படிகிறது. தானே ஆக்கியதைக் கணவனுக்குப் படைக்கிறாள். அவன் இனிது என்று உண்கிறான். அவள் முகத்தில் மெல்லியதொரு மகிழ்ச்சி தோன்றுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் பிற்பகல் வகுப்பொன்றில் இதை விளக்கி முடித்தபோது, காலையில் துணிக்கடையில் வேலை செய்துவிட்டு வரும் மாணவி ஒருத்தி எழுந்து, 'அம்மா, அவ சாப்பிட்டாளாம்மா?' என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. பாட்டில் அதற்கு விடை இல்லை. அந்தக் கூற்று, மகளின் வீட்டுக்குச் சென்று பார்த்துவந்த செவிலி நற்றாயிடம் உரைப்பது. மகள் கணவனை நன்கு பேணுகிறாள் என்பதே அவள் கொண்டுசென்ற செய்தி. கேட்ட மாணவி அன்று பகல் உணவு உண்டாளா என்பதை நாம் வகுப்பு முடிந்த பிறகே கேட்டறிந்தோம்.

அவ்வினாவிற்குப் பின் அகப்பாடல்களைச் சற்று வேறு கண்கொண்டு படிக்கலானோம். தலைவன் பொருள் தேடிப் பிரிகிறான், தலைவி ஆற்றியிருக்கிறாள். இதை ஆண்டுதோறும் கற்பிக்கின்றோம். ஆனால் அவ்வீடு எவ்வாறு நடக்கிறது? பெற்றவள் நற்றாய், வளர்ப்பவள் செவிலி, எல்லாவற்றையும் நினைவில் வைத்திருப்பவள் தோழி. தலைவன் குறித்துச் சென்ற பருவம் வந்துவிட்டதா, தாய் ஐயுறத் தொடங்கிவிட்டாளா, ஊர் என்ன பேசுகிறது, அவன் இரவில் வரும் வழியில் என்ன தீங்கு இருக்கிறது ஆகிய அனைத்தும் அவள் நெஞ்சில் இருக்கும். மறந்தவனுக்கு நினைவூட்டுவதும் வருந்துபவளைத் தேற்றுவதும் அவள் கடமை. அவளுக்கென்று ஒரு காதல் இல்லை. அவளுக்கென்று ஒரு பெயரும் இல்லை. அவள் செவிலியின் மகள் என்பது தொல்காப்பியம் தரும் செய்தி. ஆக, வளர்க்கும் உழைப்பும் நினைக்கும் உழைப்பும் ஒரே குடும்பத்தின்மேல் விழுந்திருக்கின்றன. இதை உழைப்பு என்ற தலைப்பில் எந்தப் பாடத்திட்டமும் வைத்ததாக நாம் கண்டதில்லை.

எங்கள் வீட்டில் செவிலியும் தோழியும் மாமியார் ஒருவரே. 2018 நவம்பரில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன, பேச்சுக் குழறிற்று. அவர் கைகள் செய்துவந்த பணிகளைப் பகிர்ந்துகொள்ள ஓரளவு வழி இருந்தது. சமையலுக்கு ஒருவரை அமர்த்தினோம், மகளும் வளர்ந்திருந்தாள். அவர் மனம் செய்துவந்த பணிகள் என்னென்ன என்பதோ ஒவ்வொன்றாகத்தான் தெரியவந்தது. எரிவாயு உருளை எப்போது தீரும், மின்கட்டணத்திற்குக் கடைசி நாள் எது, எந்த வீட்டார் நம் வீட்டு விசேடத்திற்கு எவ்வளவு மொய் செய்தார்கள், பேத்திக்கு எந்த மாத்திரை ஒவ்வாது, கிணற்று மோட்டாரைப் பழுது பார்ப்பவர் வெள்ளிக்கிழமை வரமாட்டார் என்பன போன்ற நூறு செய்திகள் எழுதப்படாத ஏடாக அவரிடம் இருந்தன. குழறிய நாவிலிருந்து அவற்றைப் பெற இயலவில்லை.

2019இல் நோன்பு மே மாதத்தில் வந்தது. விடைத்தாள் திருத்தும் முகாமும் அதே மாதம். தமிழாசிரியர்க்கு இதில் ஒரு தனிச்சிறப்பு உண்டு: பகுதி ஒன்று தமிழை எல்லாத் துறை மாணவரும் எழுதுவதால் நமக்கு வரும் கட்டுகள் குறைவதே இல்லை. மூன்று மணிக்கு எழுந்து சஹர் உணவு ஆக்க வேண்டும். நோயாளிக்கு நோன்பில் விலக்கு உண்டு என்பதை மாமியார் அறிவார். ஆயினும் அந்நேரத்தில் எழுந்து எங்களோடு உட்கார வேண்டும் என்பதில் அவருக்குப் பிடிவாதம். அவரைத் தூக்கி அமர்த்தித் தலையணை வைத்து, பேத்தியின் அருகில் இருத்துவோம். அந்த அரைமணி நேரம் அவர் முகத்தில் இருந்த நிறைவைக் கண்டால் மறுக்க மனம் வராது. பின் அவரைத் துடைத்து, உடைமாற்றி, காலை மாத்திரை தந்து, பகலுக்குரியதைத் தனியே எடுத்துவைத்து, துணைக்கு வரும் பெண்ணிடம் ஒப்புவித்துவிட்டு முகாமுக்குச் செல்வோம். காலையில் ஒரு கட்டு. பிற்பகலில் ஒரு கட்டு. சிவப்பு மையால் மதிப்பெண் இடும்போதே மனத்தின் ஒரு மூலையில் இரண்டு மணி மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும். முன்னால் இருக்கும் தாள் யாரோ ஓர் ஏழை வீட்டுப் பிள்ளையின் ஓராண்டு உழைப்பு. ஆதலின் ஒவ்வொரு தாளையும் மும்முறை கூட்டிப் பார்ப்போம். நாவறட்சியைவிட அந்த இரட்டை விழிப்பே நம்மைக் களைக்கச் செய்தது. இரவு இரண்டு மணிக்கு எவரும் எழுப்பாமலே விழிப்பு வரும். தாடை வலிக்கும். மருத்துவர் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றும் இல்லை என்றார். உறக்கத்திலும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தோம் போலும்.

இத்தகைய காலத்தில் அலுவலகம் தரக்கூடியது என்ன என்றும் பார்த்தோம். மகப்பேற்றுக்குச் சட்டம் இருந்தது. 1961இல் வந்த அச்சட்டம் 2017இல் திருத்தப்பெற்று விடுப்பு 26 வாரமாயிற்று. ஐம்பதின்மரும் அவர்க்கு மேலும் பணிபுரியும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் அது கூறிற்று. பிறப்புக்கு இடம் தந்த ஏடுகளில் மூப்புக்கு இடமில்லை. மாமியாரை மருத்துவரிடம் காட்டிய நாள்கள் எல்லாம் தற்செயல் விடுப்பாகவே கழிந்தன. அவற்றில் தற்செயல் ஒன்றும் இல்லை.

அந்நாளில் ஒரு காலையில் கணவரின் சாச்சா வந்திருந்தார். நல்ல மனிதர். 'மகன் சம்பாதிக்கிறது போதாதாம்மா? வேலைய விட்டுட்டா ஒனக்கும் ஒடம்பு தேறும், மதினிக்கும் ஆதரவா இருக்கும்' என்றார். அதில் கடுமை இல்லை. நம்முடைய கண்ணின் கீழ் இருந்த கருமையைக் கண்டு இரங்கியே சொன்னார். விடை கூறத் தயங்கி நின்றோம். நம்மை வேலைக்கு அனுப்பியவரைக் காக்க அந்த வேலையையே விடுவது முறையாகவும் தோன்றியது, முறையற்றதாகவும் தோன்றியது. கட்டிலில் இருந்த மாமியார் இடக்கையைச் சுவர்க் கடிகாரத்தை நோக்கி நீட்டி 'மணி, மணி' என்றார். மாத்திரைக்குக் கேட்கிறார் என்று சாச்சா எழுந்தார். அது 8.10 பேருந்து என்பது நமக்குத் தெரியும்.

குடும்பத்தில் பெண்கள் ஆற்றும் இப்பணியை அளந்து பார்க்கும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. அமெரிக்கச் சமூகவியலார் ஆர்லி ஹோக்‌ஷீல்டு 1989இல் வெளியிட்ட நூலுக்கு 'இரண்டாம் ஷிப்ட்' என்பதே பெயர். வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்ணுக்கு அங்கே அடுத்த ஷிப்ட் தொடங்குகிறது என்பது அதன் பொருள். ஏற்கெனவே இரண்டாம் ஷிப்டில் கற்பிக்கும் நம்மைப் போன்றோர்க்கு அதை மூன்றாம் ஷிப்ட் என்று திருத்தத் தோன்றும். இந்திய அரசு 2024இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுப் பணிகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றில் செலவிடுவது சராசரியாக நாளொன்றுக்கு 289 நிமிடங்கள்; ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். இக்கணக்கெடுப்பில் ஒரு நாளை அரைமணித் துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் என்ன செய்தீர்கள் என்று கேட்டெழுதுகின்றனர். நல்ல முறைதான். அம்முறையில் கேட்டால், முகாமில் அமர்ந்து விடைத்தாள் திருத்திய நேரம் பணி என்று எழுதப்படும். அதே நேரத்தில் இரண்டு மணி மாத்திரையை நினைவில் சுமந்திருந்தது எந்தத் துண்டிலும் எழுதப்படாது. எம் களைப்பு பெரும்பாலும் அங்கிருந்தே வந்தது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. வகுப்புகள் கைப்பேசிக்கு வந்தன. வகுப்பறை அடுக்களைக்கு அடுத்த அறையாயிற்று. பயணம் இல்லை, அலைச்சல் இல்லை, இனி எல்லாம் எளிது என்று முதல் வாரத்தில் எண்ணினோம். நான்காம் வாரத்தில் பேருந்தை நினைத்து ஏங்கினோம். காலையும் மாலையும் நாற்பது நிமிடம் சன்னலோரத்தில் ஒன்றும் செய்யாமல் அமர்ந்திருந்தோமே, அதுதான் மருமகளை ஆசிரியராகவும் ஆசிரியரை மருமகளாகவும் மாற்றிவந்தது. ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்குக் கடந்து செல்வதையே தனித்து ஆராய்ந்து ஆஷ்ஃபோர்த்தும் உடன் இருவரும் 2000ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதியுள்ளனர். எல்லை மங்கியிருந்தால் கடப்பது எளிது; ஆனால் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதே குழம்பிப்போகும் என்பது அவர்கள் கருத்து. சிலப்பதிகாரம் நடத்திக்கொண்டிருக்கையில் அடுத்த அறையிலிருந்து மாமியார் அழைப்பார். ஒலிவாங்கியை அணைத்துவிட்டு ஓடுவோம். கண்ணகி மதுரை வீதியிலேயே நின்றுகொண்டிருப்பாள்.

அவ்வாண்டு சூலையில் கணவர் வேலையிழந்து ஊர் திரும்பினார். பதினாறு ஆண்டுகள் விடுமுறைக்கு மட்டும் வந்தவர் இப்போது நிலையாக இருந்தார். உதவ வேண்டும் என்னும் விருப்பம் அவருக்கு மிகுதியாகவே இருந்தது. 'என்ன செய்யணும், சொல்லு, செய்யறேன்' என்பார். சொன்னால் உடனே செய்வார்; நன்றாகவும் செய்வார். ஆனால் சொல்வதற்கு ஒருவர் நினைக்க வேண்டும். கை இரண்டு கூடிற்று. நினைப்பவர் ஒருவராகவே இருந்தார். இதை அவருக்கு விளக்கச் சில மாதங்கள் ஆயின. சண்டையிட்டோம் என்றும் கூறலாம்; மலரில் அச்சாகும் கட்டுரையாதலால் விவாதித்தோம் என்று எழுதுகின்றோம். 'சொன்னாத்தானே தெரியும்?' என்று அவர் கேட்டார். 'எமக்கு யார் சொன்னார்கள்?' என்று கேட்டோம். அன்று அவர் ஒன்றும் பேசவில்லை.

மறுவாரம் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் நாற்பது பக்க ஏடு ஒன்றை வாங்கிவந்தார். தாயின் மாத்திரைகளை முழுமையாகத் தாம் ஏற்பதாகக் கூறினார். வாங்கித் தருவது மட்டும் இல்லை. எத்தனை மிஞ்சியிருக்கின்றன, எந்த நாளில் தீரும், இரத்த அழுத்தம் எவ்வளவு, அடுத்து மருத்துவரைக் காணும் நாள் எது என அனைத்தும் அவ்வேட்டில் ஏறின. கிடங்குக் கணக்கு எழுதிப் பழகிய கை. எழுத்து அழகாக இருந்தது. நாம் செய்ய வேண்டியிருந்தது மறப்பது ஒன்றே. அது எளிதாக வரவில்லை. இரவில் எழுந்து மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்ப்போம்; சரியாக இருக்கும்; மறுநாளும் திறப்போம். 'நம்பிக்கை இல்லையா?' என்று அவர் கேட்டார். நம்பிக்கை இருந்தது. ஈராண்டு தலையில் குடம் சுமந்தவள் குடத்தை இறக்கிய பின்னும் கழுத்தை நிமிர்த்தியே நடப்பாள், அவ்வளவுதான். ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து ஒருநாள், அடுத்து மருத்துவரிடம் எப்போது செல்ல வேண்டும் என்று உறவினர் கேட்டபோது நமக்கு விடை தெரியவில்லை. அன்றிரவு விடியும்வரை உறங்கினோம்.

வேலை எப்போதும் சுமையாகவே இருந்தது என்று இளையோர் எண்ணிவிடலாகாது. மாமியாருக்கு மூச்சுத் திணறி, இரவு முழுதும் விழித்திருந்த பின் வகுப்புக்குச் சென்ற நாள்கள் உண்டு. பாடம் தொடங்கிய பத்தாம் நிமிடத்தில் உடம்பு இலேசாகிவிடும். வீட்டில் நாம் எவ்வளவு செய்தும் நோய் குறையவில்லை. வகுப்பில் ஒரு பாடலை விளக்கினால் நான்கு முகமாவது தெளிந்தன. சாச்சா சொன்னபடி அன்று பணியை விட்டிருந்தால் அந்த ஒரு மணி நேரமும் இருந்திராது. அதேபோல், துறையில் மனம் நொந்த மாலைகளில் மாமியாருக்குத் தலைவாரிவிடுவதில் ஓர் ஆறுதல் இருந்தது.

இக்கதை பெண்களுக்கு மட்டும் உரியதும் அன்று. சென்ற ஆண்டு வருகைக் குறைவுப் பட்டியலில் பெயர் வந்த மாணவன் ஒருவனை அழைத்து விசாரித்தோம். வாரத்தில் இருமுறை தாயை இரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துச் செல்கிறான். வீட்டில் வேறு ஆளில்லை. முன்னரே ஏன் சொல்லவில்லை என்றதற்கு, 'யாரும் கேக்கலைம்மா' என்றான். 75 விழுக்காடு என்ற எண்ணை நாம் பெருக்கியும் வகுத்தும் பார்த்திருக்கின்றோமே தவிர, அந்த 25க்குள் என்ன நடக்கிறது என்று ஓர் ஏட்டில் குறிக்கும் வழக்கம் நம்மிடையே இல்லை. இப்போது துறையில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் ஆசிரியர், பருவத் தொடக்கத்திலேயே மாணவர் வீட்டுச் சூழலைத் தாமே கேட்டுக் குறித்துக்கொள்வது என்று பேசியிருக்கின்றோம். எவ்வளவு நாள் நடக்கும் என்பதைப் பார்க்க வேண்டும். தரமதிப்பீட்டுக் குழு வரும் ஆண்டுகளில் எழுதப்படும் பல ஏடுகள் குழு சென்றதும் அலமாரிக்குள் போய்விடுகின்றன.

மாமியார் 2023இல் காலமானார். அதற்கு முந்திய ஆண்டின் நெறிமுறைகளில் பல்கலைக்கழக மானியக் குழு ஆய்வியல் நிறைஞர் பட்டத்தையே நிறுத்திவிட்டிருந்தது. 2006இல் இளங்கலை வகுப்புகளுக்குப் போதும் எனக் கொள்ளப்பட்ட பட்டம், இப்போது புதிதாக எவரும் பெற இயலாத பட்டம். 2024இல், நாற்பது கடந்த வயதில், முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்துகொண்டோம். அகப்பாடல்களில் தோழியின் கூற்றே ஆய்வுப் பொருள். ஏன் அதையே தேர்ந்தீர்கள் என்று ஆய்வுக்குழுவில் கேட்டனர். நெறியாளர் எழுதித் தந்த முறையான விடையைச் சொன்னோம்.

கணவரின் ஏட்டில் மாத்திரைக் கணக்கு முடிந்த பக்கத்திற்குப் பின் ஏழெட்டுத் தாள்கள் வெற்றாகக் கிடந்தன. பின்னர் அவற்றில் மகளின் விடுதிக் கட்டணம் ஏறிற்று. எரிவாயு உருளை பதிந்த தேதி ஏறிற்று. எமது ஆய்வுக்குழுக் கூட்டத்தின் நாளும் ஏறிற்று. இம்மலருக்குக் கட்டுரை தரவேண்டிய கடைசி நாளும் அதில் இருக்கிறது. நான்கு நாள் முன்னதாகவே அவர் நினைவூட்டிவிட்டார்.